ஊருக்கொரு பேச்சு, ஊருக்கொரு சாப்பாடு

அமெரிக்காவில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஹைவேயில் எந்த எக்ஸிட்டில் இறங்கினாலும் அதே பெட்ரோல் பங்க், அதே பர்கர் கடை, அதே மோட்டல். மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கி, நயாகராவும் டிஸ்னியும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு வேறென்ன கண்ணில் படும்? ஒரே ஊரில் வேர்விட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் நான் கன்சல்டன்சி ஆள். ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால், அடுத்தது எந்த மாநிலத்தில் கிடைக்கிறதோ அங்கே மூட்டை கட்ட வேண்டும். எங்கே போகிறோம் என்பது வெள்ளிக்கிழமை தெரியும். திங்கட்கிழமை அங்கே நாற்காலியில் இருக்க வேண்டும். அந்த அலைச்சலை அப்போது மனசாரத் திட்டியிருக்கிறேன். அதில் கிடைத்த ஒரே லாபம், இந்த நாட்டை வாய்வழியாகத் தெரிந்துகொண்டது. அவர்கள் பேசுவதைக் கேட்டேன், சாப்பிடுவதைச் சாப்பிட்டேன்.

முதலில் போன ஊர் பிட்ஸ்பர்க். 1998. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே நடுங்கிய நேரம். கோபால் தெரிந்தவனுக்கு விசா வீடு தேடி வந்தது. (ஆள் பெயரில்லை, பழைய கம்ப்யூட்டர் மொழி.) மேட்டுத் தெரு ஒன்றில் மாடி போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர். அவர் கணவர் ஹோம்ஸ்டெட் இரும்பாலைத் தொழிலாளி. 1986-ல் ஆலையை மூடியபோது வீட்டுக்கு வந்தவர் அதிக நாள் இருக்கவில்லை.

குடிபோன வாரமே வாசலில் நின்ற என் பழைய காரைப் பார்த்து, “யுவர் கார் நீட்ஸ் வாஷ்ட்” என்றார் அந்த அம்மா. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத் தலைகீழாகப் படித்து வந்தவன் நான். நடுவில் இருக்க வேண்டிய ‘டு பி’ எங்கே என்று தேடினேன். அந்த ஊரில் அது கிடையாது. புல் ‘நீட்ஸ் கட்’, சட்டை ‘நீட்ஸ் அயர்ன்ட்’. படித்தவர், படிக்காதவர் எல்லாருமே அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரிலிருந்து கப்பலேறி வந்து இந்த மலைகளில் குடியேறிய ஸ்காட்டிஷ் வம்சத்தார் கொண்டுவந்த வழக்கம் என்று பிற்பாடு படித்தேன். அவர்களுக்குப் பின்னால் ஜெர்மன்காரர், போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர், இத்தாலியர் என்று ஆலை வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதே பேச்சில் கரைந்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவே ஸ்லோவாக்கிய வம்சம்தான்.

விருந்தாளி வருவதற்கு முன் அவர் வீட்டை ‘ரெட் அப்’ செய்வார். பனி உறைந்த படிக்கட்டு ‘ஸ்லிப்பி’. ரப்பர் பேண்டு ‘கம்பேண்ட்’. வாக்குவம் கிளீனர் ‘ஸ்வீப்பர்’. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் ‘நெபி’; எதிர்வீட்டு அம்மா அப்படிப்பட்டவர் என்று என்னிடம் சொல்லும்போது தானும் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டுதான் நிற்பார். நாங்கள் இரண்டு மூன்று பேராக நின்றால் ‘யின்ஸ்’. பேச்சை முடிக்கும்போது காரணமே இல்லாமல் ஒரு ‘நாட்’. ‘ஆண்ட் தட்’ தேய்ந்து அப்படி ஆனது. டவுன்டவுன் என்பதை ‘டான்டான்’ என்பார். பஸ்ஸில் முதலில் கேட்டபோது கோவில் மணி ஞாபகம் வந்தது.

ஆபீசில் எங்களோடு ஹைதராபாத்காரர் ஒருவர் இருந்தார். டிசம்பர் மாதம், மீட்டிங் நடுவில் உள்ளூர்ச் சகா ஒருவர் அவரிடம் குனிந்து, “கென்னிவுட் திறந்திருக்கிறது” என்று கிசுகிசுத்தார். கென்னிவுட் என்பது 1898-லிருந்து நடக்கும் ராட்டினப் பூங்கா, அப்போதெல்லாம் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். “இந்தக் குளிரில் யார் போவார்கள்?” என்று நம்மவர் உரக்கக் கேட்டார். மேஜையே சிரித்தது. பேன்ட் ஜிப் போட மறந்துவிட்டாய் என்பதை அந்த ஊரில் நாசூக்காகச் சொல்லும் முறை அது. மூன்று தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் சுற்றுலா போகிற பூங்கா என்பதால் ஊருக்கே புரியும். வெளியூர்க்காரனுக்கு எந்த அகராதியும் உதவாது.

சாப்பாட்டிலும் அந்த ஊர் ஆலைத் தொழிலாளியின் ஊர்தான். சாலட் கேட்டால் கீரைக்கு மேலே சுடச்சுட உருளைக்கிழங்கு ஃப்ரை குவித்துத் தருவார்கள். பிரிமான்டி பிரதர்ஸ் கடையில் சாண்ட்விச் வாங்கினால் ஃப்ரையும் முட்டைக்கோஸ் ஸ்லாவும் தனித் தட்டில் வராது. இரண்டு ரொட்டிக்கு நடுவிலேயே இருக்கும். 1930-களில் காய்கறி மண்டித் தெருவான ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட்டில் தொடங்கிய கடை. இரவில் சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரர்கள் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட வசதியாகச் செய்தது என்பார்கள். வாயை எவ்வளவு திறந்தாலும் போதாது. சட்டையில் ஒழுகாமல் அதைச் சாப்பிட்டவரை நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், வெள்ளிக்கிழமைதோறும் கத்தோலிக்க சர்ச்சுகளின் அடித்தளக் கூடத்தில் மீன் வறுப்பார்கள். வீட்டுக்காரம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். நீள மேஜைகள், காகித விரிப்பு, ரொட்டிக்கு இருபுறமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் வறுத்த மீன். பக்கத்தில் ‘ஹலுஷ்கி’: முட்டைக்கோஸை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி நூடுல்ஸோடு புரட்டியது. மிளகைத் தூக்கலாகத் தூவிக்கொண்டால் பிரமாதம். உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பீரோகியும் உண்டு. பரிமாறுகிறவர்கள் எல்லாம் பாட்டிமார். என்னை யார், எங்கிருந்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்கள். நெபி என்றால் என்ன என்று அன்றைக்கு நன்றாகவே புரிந்தது. சனி, ஞாயிறு ஆனால் பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போய்ப் புளியோதரை, தயிர்சாதம். 1970-களில் எழும்பிய கோவில் அது. ஒஹையோவிலிருந்தெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்த ஊரில் நான் உருப்படியாகச் சாப்பிட்டதெல்லாம் சர்ச்சிலும் கோவிலிலும்தான்.

பிட்ஸ்பர்க் பேச்சை ஆராய்ந்து பார்பரா ஜான்ஸ்டோன் என்ற மொழியியல் பேராசிரியர் 2013-ல் புத்தகமே எழுதினார். அவர் சொல்வது யோசிக்க வைத்தது. ஆலை ஓடிய காலத்தில் ‘யின்ஸ்’ என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் கூலிக்காரப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். ஆலைகள் மூடி, பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போன பிறகுதான் அது ஊரின் பெருமையானது. டீ ஷர்ட்டில் அச்சடித்தார்கள், காபிக் கோப்பையில் எழுதினார்கள். எங்கள் ஆபீசில் அந்த டீ ஷர்ட்டைப் போட்டுவந்த இளைஞர்கள் யாரும் ‘யின்ஸ்’ என்று பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அந்த டீ ஷர்ட் இல்லை.

குளிர்பானத்துக்கு அங்கே ‘பாப்’. அதே பென்சில்வேனியாவின் கிழக்குக் கோடியில், பிலடெல்பியாவில், ‘சோடா’. தெற்கே அட்லாண்டா பக்கம் எல்லாமே ‘கோக்’. “என்ன கோக் வேண்டும்?” “ஸ்ப்ரைட்” என்று பேசிக்கொள்வார்கள். கோகோ கோலா 1886-ல் பிறந்த ஊர் என்பதால் சொந்தச் சரக்கின் பெயரை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். பாட்டிலில் என்ன இருந்தாலும் ‘கலர்’ என்று வாங்கிக் குடித்து வளர்ந்த மதுரைக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நீள ரொட்டி சாண்ட்விச் ஒன்றுக்கே பென்சில்வேனியாவில் ‘ஹோகி’, நியூயார்க்கில் ‘ஹீரோ’, நியூ இங்கிலாந்தில் ‘கிரைண்டர்’, நியூ ஆர்லியன்ஸில் ‘போ பாய்’. இதில் ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்ப் பெயரைத் தப்பித்தவறியும் சொல்ல மாட்டார்.

அடுத்து சின்சினாட்டி. பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓடிவரும் ஒஹையோ நதிக் கரையில் அதுவும் மேட்டு ஊர்தான். ஆனால் பேச்சும் சாப்பாடும் வேறு. முதல் நாள் மதியம் சகாக்கள் சில்லிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். “த்ரீ-வேயா, ஃபோர்-வேயா, ஃபைவ்-வேயா?” என்றாள் பரிமாறும் பெண். த்ரீ-வே என்றால் ஸ்பகெட்டி, அதன்மேல் கொத்துக்கறிக் குழம்பு, அதற்கும் மேல் தலைமுடி மாதிரி சீவிய செடார் சீஸ், அடியில் இருப்பது தெரியாத அளவுக்கு. வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் ஃபோர்-வே. இரண்டும் சேர்ந்தால் ஃபைவ்-வே. முள்கரண்டியில் ஸ்பகெட்டியைச் சுற்றிச் சாப்பிட்டால் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரர் கரண்டியின் விளிம்பால் கேக் மாதிரி வெட்டி அள்ளுவார்.

தட்டு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டை, கிராம்பு வாசனை! குழம்பில் கறியை வதக்காமல், தண்ணீரில் உதிர்த்துப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறார்கள். டெக்சஸ்காரன் இதைச் சில்லி என்று ஒப்புக்கொள்ள மாட்டான். அவர்கள் ஊரில் சில்லியில் பீன்ஸ் போட்டாலே குற்றம். 1977-ல் சில்லியை மாநில உணவாகவே அறிவித்தவர்கள். சின்சினாட்டிச் சில்லியை உண்டாக்கியவர்கள் மாசிடோனியாவிலிருந்து வந்த கிராட்ஜியெஃப் சகோதரர்கள். 1922-ல் எம்பிரஸ் என்ற நாடகக் கொட்டகையை ஒட்டிக் கடை போட்டார்கள். தங்கள் பால்கன் நாட்டு மசாலாக் குழம்புக்கு, அமெரிக்கக் கூலிக்காரனுக்குத் தெரிந்த ஒரு பெயரை வைத்து விற்றார்கள். இன்று அந்த ஊரில் தெருவுக்கொரு சில்லிக் கடை இருக்கிறது. நூறு மைல் தள்ளிப் போனால் பெரும்பாலோருக்கு ஃபைவ்-வே என்றால் தெரியாது.

அங்கே வயதான ஆட்களிடம் இன்னொன்று கேட்டேன். ஒரு டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா, “ப்ளீஸ்?” என்றார். இன்னும் பணிவாகச் சொல்ல வேண்டுமோ என்று குரலைத் தாழ்த்தினேன். மறுபடியும், “ப்ளீஸ்?” காதில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். ஜெர்மன்காரர் ‘பிட்டே’ என்று கேட்பதை அப்படியே இங்கிலீஷில் போட்டு, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன்காரர் அலையலையாக வந்து குடியேறிய ஊர் அது. அவர்கள் பேட்டைக்கு இன்றும் ‘ஓவர் த ரைன்’ என்றுதான் பெயர். நடுவே ஓடிய கால்வாயை ரைன் நதி என்று கேலியாகச் சொன்னதில் வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரியானதும் 1918-ல் தெருப் பெயர்களை மாற்றினார்கள். ஜெர்மன் தெரு இங்கிலீஷ் தெரு ஆனது, பிரெமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. நகரசபை போர்டைத்தான் கழற்றியது. ‘ப்ளீஸ்?’ என்பதைக் கழற்ற எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. காலை உணவுக்கு, பன்றிக்கறியோடு ஓட்ஸைக் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டு வறுக்கும் ‘கெட்டா’வையும் யாரும் தடுக்கவில்லை. கறியை மிச்சம் பிடிக்க ஏழை ஜெர்மன் குடும்பங்கள் கண்டுபிடித்த வழி அது. ஓரம் முறுகலாக வந்தால் அருமையாக இருக்கும்.

இனி மட்டனுக்கு வருகிறேன். அமெரிக்காவில் மதுரைக்காரனுக்கு உள்ள ஒரே தீராத குறை அதுதான். ஹலால் கடையில் ஆட்டுக்கறி கிடைக்கும், வீட்டில் சமைத்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்கர்கள் ஆடு தின்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு டின் மட்டனைப் போட்டு வெறுப்பேற்றியதுதான் காரணம் என்பார்கள். 1942-ல் இந்த நாட்டில் சுமார் 5.6 கோடிச் செம்மறி இருந்தது. இன்று 50 லட்சத்தை ஒட்டித்தான். இதைச் சொல்லி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, மேற்குக் கென்டக்கியிலிருந்து வந்த சகா, “எங்கள் ஊரில் மட்டன்தானே!” என்றார். ஓவன்ஸ்பரோ. சின்சினாட்டியிலிருந்து சுமார் இருநூறு மைல். அந்தச் சனிக்கிழமையே கிளம்பினோம். வழியில் நேரம் ஒரு மணி பின்னால் போகிறது. கடை திறக்கும் முன்பே போய் நின்றோம்.

காரை விட்டு இறங்கியதும் ஹிக்கரி விறகுப் புகை. உள்ளே பரிமாறிய அம்மா என்னையும் என் மனைவியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஹனி, இதற்கு முன்னால் மட்டன் சாப்பிட்டிருக்கிறாயா? கொஞ்சம் வாசனை தூக்கலாக இருக்கும்” என்று எச்சரித்தார். மதுரை சிம்மக்கல் கறிக்கடை வாசலில் வளர்ந்தவனிடம்! என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

நமக்கு மட்டன் என்றால் வெள்ளாடு. அவர்களுக்கு முற்றிய செம்மறி. 19-ஆம் நூற்றாண்டில் கம்பளிக்காக வளர்த்த ஆடுகள், வயதானபின் கறி தோலாகிவிடும். அதை மெதுவான தணலில் மணிக்கணக்கில் புகைபோட்டு மென்மையாக்குவதுதான் வழி. கத்தோலிக்கப் பங்குகளின் திருவிழாச் சமையலாகத் தொடங்கி ஊர் முழுக்கப் பரவியது. வேகும்போது கறியின் மேல் வினிகரும் வூஸ்டர் சாஸும் கலந்த கறுப்புத் தண்ணீரைத் தெளிப்பார்கள். அதற்கு ‘டிப்’ என்று பெயர். தட்டில் வந்த விலா எலும்பில் மேல்பக்கம் கருகிய பொருக்கு, உள்ளே இளஞ்சிவப்பு, கொழுப்பு ஓரமாக உருகி ஒட்டியிருந்தது. செம்மறி வாடை இருந்தது. எனக்கு அது வாடையாகத் தெரியவில்லை. கூடவே ‘பர்கூ’: மட்டன், கோழி, சோளம், முட்டைக்கோஸ், உருளை எல்லாம் போட்டுக் குழையக் குழையக் காய்ச்சியது. இரண்டு பச்சைமிளகாய் கீறிப் போட்டிருந்தால் குறையே சொல்ல முடியாது. பில்லில் கையெழுத்துப் போட, “இங்க் பின் வேணுமா?” என்று பேனாவை நீட்டினார். தெற்குப் பேச்சில் பென்னும் பின்னும் ஒரே சத்தம். எழுதுவதா குத்துவதா என்று தெரிய ‘இங்க்’ சேர்த்துக்கொள்கிறார்கள்.

மினியாபொலிஸில் இருந்த குளிர்காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே ‘ஹாட்டிஷ்’ சாப்பிடுவார்கள்: கொத்துக்கறி, பீன்ஸ், டின் காளான் சூப், மேலே வரிசையாக அடுக்கிய உருளைக்கிழங்கு உருண்டை. உப்பும் மிளகும் அந்தத் தட்டு வழியாகப் போனதில்லை. ஆபீஸ் சமையலறையில் யாராவது ஒரு தட்டு ‘பார்’ கொண்டுவந்து வைப்பார்கள், வில்லைபோடும் இனிப்பு. கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டி எடுப்பார், அடுத்தவர் அதில் பாதி. சாயங்காலம் கட்டைவிரல் நகமளவு ஒன்று தட்டில் கிடக்கும்.

ஆனால் அந்த ஊர் நூலகத்தில்தான் அமெரிக்க வட்டார வழக்கு அகராதியைப் பார்த்தேன். ஜமைக்காவில் பிறந்த ஃபிரெடரிக் காசிடி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு தொடங்கிய வேலை. 1965 முதல் 1970 வரை மாணவர்களை வேன்களில் ஏற்றி நாடு முழுக்க 1,002 ஊர்களுக்கு அனுப்பினார். வயதானவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் கேள்வி கேட்டார்கள்: மழை தூறினால் என்ன சொல்வீர்கள், கஞ்சனை எப்படி அழைப்பீர்கள், நேற்றைய சோற்றுக்கு என்ன பெயர். முதல் தொகுதி 1985-ல் வந்தது. நான் வீட்டுக்காரம்மாவின் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். ‘கம்பேண்ட்’ இருந்தது. ‘நெபி’ இருந்தது. ‘ரெட் அப்’ இல்லை, ஏனென்றால் அகராதி அப்போது ‘ஓ’ எழுத்து வரைக்கும்தான் வந்திருந்தது. காசிடி 2000-ல் இறந்துபோனார். “ஆன் டு இசட்” என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். இசட் வரைக்கும் வந்து சேர 2012 ஆனது.

கடைசியாக வடக்குக் கரோலினாவின் சார்லட். பாங்க் ப்ராஜெக்ட். இங்கே நிரந்தர வேலை கிடைத்து நின்றுவிட்டோம். முதல் வாரம் லிஃப்டில் கையில் பெட்டியோடு வந்தவர், “எனக்கு நாலை மாஷ் பண்ணுங்களேன்” என்றார். பட்டனை அழுத்துவது இங்கே மாஷ். கடையில் தள்ளுவண்டி ‘பக்கி’. மீட்டிங்கில் எங்கள் உள்ளூர் டீம் லீடர், “ஐ மைட் குட் டூ தட் பை ஃப்ரைடே” என்பார். மைட்டும் குட்டும் ஒன்றின்மேல் ஒன்று! போனில் இருந்த நியூயார்க் மேனேஜருக்குத் தலை சுற்றும். செய்வேன் என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா? இரண்டுமில்லை, முடியலாம், ஆனால் என்னைக் கட்டாயப்படுத்தாதே என்று மரியாதையாகச் சொல்கிறார். எங்கள் ஆந்திரா, தமிழ்நாட்டுப் பையன்களுக்கு அது உடனே புரிந்தது.

இங்கே பார்பிக்யூ என்றால் பன்றி மட்டும்தான். வீட்டுக் கொல்லையில் பர்கர் சுடுவது ‘குக்அவுட்’. அதைப் பார்பிக்யூ என்று அழைத்தால் வடக்கத்தியான் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். மாநிலமே இரண்டு கட்சி. கிழக்கே முழுப் பன்றி, வினிகரும் மிளகாயும் மட்டும். மேற்கே லெக்ஸிங்டன் பாணி, தோள்பட்டைக் கறி, வினிகரில் கொஞ்சம் தக்காளிக் கெச்சப். அந்தக் கொஞ்சம் கெச்சப்புக்காகத் தலைமுறைகளாக வாய்ச்சண்டை. லெக்ஸிங்டன் கடையில் “அவுட்சைட் பிரௌன்” என்று கேட்க வேண்டும், வெளிப்புறத்து முறுகல் பகுதி கிடைக்கும். கேட்கத் தெரியாதவனுக்கு உள்பக்கத்து வெள்ளைக் கறி. எல்லையைத் தாண்டித் தெற்குக் கரோலினா போனால் கடுகு சாஸ், அங்கே குடியேறிய ஜெர்மன்காரர் கைவண்ணம். அதே ரோட்டோரத்தில் பெரிய அண்டாவில் உப்புத் தண்ணீரில் அவித்த பச்சைக் கடலை! 2006-லிருந்து அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனி அதுதான். பாஸ்டனிலிருந்து வந்த என் சகா, ஈரக் கடலையை யார் தின்பது என்று முகம் சுளித்தார். என் மனைவி ஒரு பையைக் காரிலேயே காலி செய்தாள்.

மகள் சார்லட்டில் பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட அம்மாவைப் பார்த்து, “யெஸ் மேம்” என்றாள். என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இங்கே பிள்ளைகள் பெரியவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும். ஆனால் அதோடு சரி. பேச்சில் இழுப்பு இல்லை, மைட் குட் இல்லை, மாஷ் இல்லை. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ ஒஹையோ, நியூயார்க், குண்டூர்.

டிவி வந்தபின் எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வில்லியம் லேபோவும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட வட அமெரிக்க ஆங்கில வரைபடம் அதை மறுத்தது. பெரிய நகரங்களின் உச்சரிப்பு ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகிறது என்றது. ஆனால் தெற்கத்தி நகரங்களின் கதை வேறு. இதே மாநிலத்தின் ராலே நகரில் ஆராய்ந்தவர்கள், பழைய தெற்கு உச்சரிப்பு தலைமுறைக்குத் தலைமுறை தேய்வதைக் காட்டினார்கள். 1959-ல் ஆராய்ச்சிப் பூங்கா அமைத்து, 1960-களில் ஐ.பி.எம். வந்து, வெளியாட்கள் வந்து குவிந்ததிலிருந்து அது தொடங்குகிறது. அதாவது, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த என் போன்றவர்களால். பேச்சைக் கேட்டு ரசித்தவனும் நான்தான், தேய்த்தவனும் நான்தான். இதில் வருத்தப்படுவது பாசாங்கு என்று தோன்றுகிறது. மகள் பிழைக்க வேண்டாமா? சாப்பாட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. குண்டூர்க்காரரும் லெக்ஸிங்டன் கடையில் வரிசையில் நிற்கிறார், “அவுட்சைட் பிரௌன்” என்று சரியாகக் கேட்கிறார்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எக்ஸிட்டில் இறங்கினால் இரண்டு மைல் உள்ளே போங்கள். ஊர்க்காரர் கார் நிற்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். சுத்த சைவமானாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். பிட்ஸ்பர்க் சர்ச்சில் ஹலுஷ்கி இருக்கிறது, பன்றிக்கறியும் முட்டையும் சேர்க்காததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கே அவித்த கடலை இருக்கிறது. பரிமாறுகிறவரிடம் இந்த ஊரில் எது நல்லது என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். சர்ச்சுகளிலும் ரோட்டோரக் கடைகளிலும் கார்டு வாங்காதவர்கள் உண்டு. பையில் இருபது டாலர் ரொக்கம் இருக்கட்டும்.